எண்ணெயில் ஊறும் பூண்டு

உரித்த பூண்டை எண்ணெயில் சிறுதீயில் மெத்தென்று வேகவிட்டு, பாட்டிலில் நிரப்பி அடுப்பு மேடையிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவி வருகிறது. எண்ணெய் மேலே நின்றால் கெடாது, ஊறுகாய் அப்படித்தானே இருக்கிறது என்பார்கள். ஊறுகாயைக் காப்பது புளிப்பும் உப்பும். எண்ணெய் காற்றை மட்டுமே அடைக்கிறது. பூஞ்சை அதில் வளராது. போட்டுலிசம் என்ற, தசைகளைத் தளரவைக்கும் உணவு நச்சு நோயைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவோ காற்றில்லாத இடத்தில்தான் வளர்ந்து நச்சைச் சுரக்கும்.

அதன் வித்துகள் (சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் வடிவம்) மண்ணில் இருப்பவை, பூண்டோடு வந்துவிடும். கொதிநீரில் அவை சாகாது; அழுத்த நீராவியில் 121 டிகிரி தேவை. எண்ணெய் எவ்வளவு சுட்டாலும், உள்ளே ஈரம் இருக்கும்வரை பூண்டின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பாட்டிலைக் குக்கரில் வைத்தும் பயனில்லை, நீராவி எண்ணெய்க்குள் போகாது. ஈரம் முழுக்க வற்றி மொறுமொறுவென்று பொரிந்த பூண்டில் மட்டும் இந்த ஆபத்து இல்லை.

1985இல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் 36 பேருக்குப் போட்டுலிசம் வந்தது. காரணம், குளிர்பெட்டியில் வைக்காத எண்ணெய்ப் பூண்டு. வாடையிலோ ருசியிலோ இந்த நச்சு தெரியாது. அதனால் 'ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்' என்பது ஆகவே ஆகாது.

கொஞ்சமாகச் செய்யுங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில், 4 டிகிரிக்குள், 4 நாளுக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். நாள்பட வைக்க நினைத்தால் புளிப்பேற்ற வேண்டும்: பூண்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் நறுக்கி, எடையில் மூன்று மடங்கு 3 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில் (100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம்) 24 மணி நேரம் ஊறவைத்து வடித்த பிறகே எண்ணெய். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா வளராது. எண்ணெய் ஊற்றியபின் பிழியும் எலுமிச்சை பூண்டுக்குள் இறங்காது.

சாப்பிட்டுப் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில், சில வேளை பல நாள் கழித்தும், அறிகுறி தொடங்கும்: பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், வாய் வறளும், நாக்கு குழறும், விழுங்க முடியாது. காய்ச்சல் இருக்காது, நினைவு தெளிவாக இருக்கும்; தளர்ச்சி தலையிலிருந்து கீழே இறங்கி மூச்சுத் தசையை எட்டும். நச்சுமுறி மருந்து நச்சு மேலும் பரவாமல் தடுக்குமே தவிர, வந்த தளர்ச்சியை மீட்காது. ஆகவே விடியட்டும் என்று காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மீதியிருக்கும் பாட்டிலை மூடி, கவரில் கட்டிக் கையோடு கொண்டுபோய், என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.