கோடிட்ட இடம்

2004இல் கோயம்புத்தூரில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பி.எஸ்சி. தாவரவியல் அப்போதுதான் முடித்திருந்தேன். காலடியில் ஆடியோவை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு பெடல், காதில் ஹெட்போன், திரையில் வெற்றுப் பக்கம். அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசி வைத்ததை நாங்கள் கேட்டுத் தட்டச்சு செய்து, அங்கே விடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும். 65 எழுத்து சேர்ந்தால் ஒரு வரி. வரிக்கு இவ்வளவு என்று சம்பளம்.

முதல் வாரமே எங்கள் க்யூஏ அக்கா, அதாவது நாங்கள் தட்டச்சு செய்ததைச் சரிபார்க்கிறவர், சொன்னது இது: "காதுல விழலைன்னா கோடு போட்டுட்டுப் போ கண்ணு. இதாத்தான் இருக்கும்னு நீயா எழுதிராத." பிளாங்க் என்று சொல்வோம். ஒரு கோடு, பக்கத்தில் ஆடியோவின் நிமிடமும் நொடியும். டாக்டர் அதைப் பார்த்து நிரப்பிக் கையெழுத்துப் போடுவார். பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பினால்தான் மதிப்பெண். இங்கே தெரியாமல் நிரப்பினால் மதிப்பெண் போகும். ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. மூக்கடைப்போடு ஒருவர் வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். அந்த அக்கா ஒரே வார்த்தையை இருபது தடவை ஓட்டிக் கேட்பார். பிடிபடவில்லை என்றால் கொஞ்சமும் தயங்காமல் கோடு போடுவார். இந்தத் தொழிலில் நான் கற்ற நேர்மை அந்தக் கோடுதான்.

அப்புறம் பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது. தட்டச்சு போய் திருத்தம் வந்தது, வரிக்கான கூலி பாதியானது, பலர் வேலையை விட்டுப் போனார்கள். ஆனால் அந்த மென்பொருள் தப்பு செய்தால் பார்த்தவுடன் தெரியும். வாக்கியம் கோணலாக நிற்கும், படிக்கும்போதே சிரிப்பு வரும்.

இப்போது வந்திருப்பது அப்படியல்ல. டாக்டர் தனியாகப் பேசி வைக்கவே வேண்டாம். நோயாளியும் அவரும் பேசிக்கொள்வதைக் கேட்டு, செயற்கை நுண்ணறிவே குறிப்பு எழுதிவிடுகிறது. இந்தத் துறையின் பெரிய நிறுவனமான நுவான்ஸை சுமார் 1,970 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2021இல் அறிவித்தபோதே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. இதில் நன்மை உண்டு, மறுக்கமாட்டேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்த டாக்டர்களுக்கு அந்த நேரம் திரும்பக் கிடைக்கிறது. மருந்துப் பெயரில் எழுத்துப்பிழை அநேகமாக இல்லை. எங்களைப்போல விடிகாலை நாலு மணிக்கு அதற்குக் கண் சொருகுவதும் இல்லை.

போன வருடம் ஒரு இதய நோயாளியின் குறிப்பு சரிபார்ப்புக்கு வந்தது. கார்வெடிலால் 12.5 மில்லிகிராம், காலையும் இரவும் என்று அழகாக எழுதியிருந்தது. பழக்கத்தில் ஆடியோவையும் ஓட்டினேன். மருந்தின் பெயர் தெளிவாக இருக்கிறது. அடுத்து ஒரு இருமல். அப்புறம் "காலையும் இரவும்." எண்ணே இல்லை. வேகத்தைக் குறைத்து, ஒலியைக் கூட்டி, ஏழு முறை கேட்டேன். இருமல்தான் இருந்தது. கார்வெடிலால் 3.125, 6.25, 12.5, 25 என்று நான்கு அளவில் வரும். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல இரண்டு மடங்கு. எண்ணை அழித்துவிட்டுக் கோடு போட்டேன். மறுநாள் டாக்டர் நிரப்பி அனுப்பினார்: 6.25.

அந்த 12.5 எங்கிருந்து வந்தது? இவ்வகை ஏஐ மாடல்கள் முன்பின் சொற்களை வைத்து, இங்கே எது வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுகின்றன. சத்தம் இல்லாத இடத்திலும் கணிப்பு நிற்பதில்லை. பேச்சை எழுத்தாக்க ஓபன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற மாடல் 6,80,000 மணி நேர ஆடியோவில் பயிற்சி பெற்றது. அதை வைத்து 2024இல் வந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 1 சதவீதப் பதிவுகளில் யாருமே பேசாத வாக்கியங்கள் இருந்ததைக் கண்டது. பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு பாதிக்கப்பட்டு, இடையிடையே அதிகம் நிறுத்திப் பேசுகிறவர்களின் பதிவுகளில் இது இன்னும் கூடுதல். திக்கித் திணறிப் பேசும் நோயாளியின் வாயில்தான் இல்லாத சொல் அதிகம் ஏறுகிறது. இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

அதே மாதத்தில் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு புகார் வந்தது. "ஏஐ தரும் குறிப்பில் ஒரு பிளாங்க்கூட இல்லை. உங்கள் ஆட்கள் பார்த்து அனுப்பினால் மட்டும் ஏன் பிளாங்க் வருகிறது?" எங்கள் மேலாளர்கள் அதை அப்படியே தரக்குறைவுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பக்கம் நிறைந்திருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமா? ஏஐ தந்த வேகத்தை ஃபைலுக்கு இத்தனை நிமிடம் என்று அளக்கிறார்கள். ஏழு முறை இருமலைக் கேட்ட நிமிடங்கள் அந்த அளவுகோலில் என் சோம்பேறித்தனமாகப் பதிவாகின்றன. கூட்டத்தில் எழுந்து அந்த ஆடியோவைப் போட்டுக் காட்டினேன். எண் எங்கே என்று கேட்டேன். யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். திரையில் ஒரு சொல் எழுதியிருந்தால் காதுக்கும் அதுவே கேட்கிறது. அந்த இருமலில்கூட, முதல் தடவை எனக்கு "ட்வெல்வ்" கேட்ட மாதிரிதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டபிறகே அது இருமல் என்று உறுதியானது. அதனால் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் ஏஐ எழுதியதைக் காட்டுவதே இல்லை. வெற்றுப் பக்கமும் பெடலும்தான்.

"அக்கா, இப்படிப் போனா ஒரு நாளைக்கு எத்தனை ஃபைல் முடியும்?" என்று போன வாரம் ஒரு பெண் கேட்டாள். குறைவாகத்தான் முடியும் என்றேன். காரணத்தோடு போட்ட பிளாங்க்கைப் பிழையாக எண்ணக் கூடாது என்று எழுதிக் கேட்டிருந்தேன். ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் இந்த மாதம் அதை ஏற்றிருக்கிறார்கள். அவளுடைய பயிற்சிக்கு அந்த வாடிக்கையாளரின் ஃபைல்களையே கொடுத்திருக்கிறேன். நேற்று அவள் அனுப்பியதில் மூன்று கோடுகள் இருந்தன. மூன்றையும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு எனக்கும் பிடிபடவில்லை.