கம்பத்தில் படாத பந்து

இன்னைக்கு ஆஸ்திரேலிய ஃபுட்பால் மேட்ச்லயும் அம்பயர்களோட அதே கதைதான். முதல் குவார்ட்டர்ல எங்க ஆள் பந்தோட மாட்டின அடுத்த நொடி விசில், 'ஹோல்டிங் த பால்' (பிடிபட்டும் பந்தை விடாம வச்சிருக்கிற தப்பு). கடைசி குவார்ட்டர்ல அவங்க ஆளோட இடுப்பைப் பிடிச்சு ரெண்டு சுத்து சுத்தியாச்சு, பந்து இன்னும் கையிலயே இருக்கு. அம்பயர் 'ஆடுங்க'ங்கிறார்! 2023லயே ஏஎஃப்எல்ல, அதாவது இந்த ஆட்டத்தோட பெரிய லீக்ல, கள அம்பயர்களை மூணுலேர்ந்து நாலாக்கிட்டாங்க. எட்டு கண்ணு.

அதே 2023 ஆகஸ்ட்டை மறக்க முடியுமா? அடிலெய்டு ஓவல் மைதானம், அடிலெய்டு அணிக்கு எதிரணி சிட்னி, கடைசி நிமிஷங்கள். அடிலெய்டுக்காரர் அடிச்சது சுத்தமான கோல். கோல் அம்பயரோ கம்பத்துல பட்டுச்சுன்னு சொல்லி ஒரே ஒரு பாயிண்ட் கொடுத்தார். ரீப்ளேல பாத்தா பந்து கம்பத்தைத் தொடவே இல்ல. அவருக்கு சந்தேகமே வரலையாம், அதனால வீடியோ ரிவ்யூவும் போகல. (சந்தேகம் வராதவங்களைத்தான் நான் ரொம்ப சந்தேகப்படுவேன்.) ஆறு வரவேண்டிய இடத்துல ஒண்ணு. தோத்தது ஒரே பாயிண்ட்ல. மறுநாள் லீக்கே தப்புதான்னு ஒத்துக்கிச்சு, ஆனா ரிசல்ட் ரிசல்ட்தான். அந்த வருஷம் அடிலெய்டு ஃபைனல்ஸ் சுற்றுக்கே போகல.

இத்தனைக்கும் நான் அடிலெய்டு ரசிகன்கூட இல்ல. இப்பவும் நினைச்சா வயிறு எரியுது.