கிளவுடில் இருந்து கணக்கை மீட்டு வந்தோம்

செங்கோட்டையில் எங்களுக்கு பைப், பெயின்ட் மொத்த வியாபாரம். பாதிச் சரக்கு புளியரை தாண்டி கேரளாவுக்குப் போகிறது. அங்கே புனலூரில் குடோன் போட்டு, அதற்குத் தனி ஜிஎஸ்டி பதிவும் எடுத்தபோது, இரண்டு இடத்து ஸ்டாக்கும் ஒரே இடத்தில் தெரியட்டும் என்று கிளவுட் கணக்கு சாஃப்ட்வேருக்கு மாறினோம்; அதில் நம் டேட்டா கடையில் இருக்காது, நெட் வழியாக கம்பெனியின் சர்வரில் இருக்கும். மாறியது சிரமமே இல்லை.

எல்லாரும் பயமுறுத்தியது நெட்டைச் சொல்லித்தான். சாரல் காலத்தில் இங்கே லைன் போகும், உண்மை. ஆனால் 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு எல்லை தாண்ட ஈ-வே பில் என்ற சரக்கு அனுப்பும் மின்சீட்டு வேண்டும், அதை நாங்கள் எடுப்பது அரசு தளத்தில்தான், சாஃப்ட்வேர் கடைக்குள்ளேயே இருந்தாலும் அந்த நேரத்துக்கு நெட் வேண்டும். நாங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் சமாளித்தோம். நெட்டை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அடி விழுந்தது சந்தா புதுப்பிக்கும்போது. ரேட்டை ஏற்றிவிட்டார்கள். சரி, வேறு பார்க்கலாம் என்று எங்கள் டேட்டாவைக் கேட்டால் எல்லாம் பிடிஎஃப், வேறு சாஃப்ட்வேரில் அப்படியே ஏற்ற முடியாது! "அண்ணாச்சி, ஐட்டம் லிஸ்ட் மட்டும்தான் எக்ஸலில் வரும், மத்ததுக்கு டிக்கெட் போடுங்க" என்றார் விற்ற தம்பி. டிக்கெட் என்றால் கம்பெனியின் உதவிப் பிரிவில் பதியும் புகார்; போட்டால் ஒவ்வொரு தடவையும் புது ஆள், மறுபடி முதலில் இருந்து சொல்ல வேண்டும். சந்தா முடிந்ததும் லாகின் மூடிவிடும் என்று நடுவில் ஒரு மெயில் வேறு. ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியில் இருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பு சட்டப்படி நம்முடையது, அவர்களுடையது இல்லை. எங்கள் கணக்குக்காக நாங்களே கெஞ்ச வேண்டியிருந்ததை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

வழி காட்டியது எங்கள் ஆடிட்டர். தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1ஐ, அதாவது விற்பனை விவர ரிட்டர்னை, ஜிஎஸ்டி தளத்தில் இருந்து இறக்கினால், ஜிஎஸ்டி எண் உள்ள கடைகளுக்குப் போட்ட பில்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்துவிடும். சில்லறை விற்பனை பெரும்பாலும் மொத்தத் தொகையாகத்தான் இருக்கும், ஸ்டாக்கும் பார்ட்டி பாக்கியும் அதில் கிடையாது. ஸ்டாக்கை எண்ணினோம், பாக்கிக்குப் பார்ட்டிகளிடமே லெட்ஜர் கேட்டோம். புனலூர் சேட்டன் ஒருவர் தன் கணக்கு நோட்டையே லாரியில் கொடுத்துவிட்டார், அந்த உதவியை மறக்க மாட்டேன். கடைசியில் ஏப்ரல் 1 தொடக்க இருப்பு பைசா சுத்தமாக டேலி ஆனது.

இப்போது சர்வர் கடையில் இருக்கிறது, யூபிஎஸ்ஸோடு. தினமும் பேக்கப், ஒரு டிஸ்க் கடையில், ஒன்று வீட்டில். புனலூர் குடோன் விபிஎன் வழியாக, அதாவது நெட்டிலேயே பூட்டிய தனிப் பாதையில், இந்த சர்வருக்கு வருகிறது. தூரத்தில் இருந்தே சர்வரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக நெட்டில் திறந்துவிடலாம் என்றார் சர்வர் போட வந்தவர், வேண்டவே வேண்டாம் என்றோம்; டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்காரர்கள் தேடுவதே அந்தக் கதவைத்தான்.

இதெல்லாம் பார்க்க ஆள் இல்லை என்றால் கிளவுடுக்கே போங்கள், தப்பில்லை. ஆனால் பணம் கட்டும் முன்பே, சோதனைக்குத் தரும் நாட்களில் சில பில் போட்டு, அத்தனையையும் வெளியே எடுத்து, வேறொரு சாஃப்ட்வேரில் ஏற்றிப் பாருங்கள். சந்தா முடிந்தபின் எத்தனை நாள் வரை டேட்டா கொடுப்பார்கள், எந்த வடிவில் கொடுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம்.