ரெண்டு கோப்ப பிளேன்டீ

அம்மா போயி 41 நாள். இன்னிக்கும் விடிய பழக்கதோசத்துல ரெண்டு கோப்ப பிளேன்டீ ஊத்திட்டேன். செத்தவீட்டுக்கு எங்க தேயிலத் தோட்டத்து லயமே, அந்த வரிச வீட்டு ஆளுங்க எல்லாருமே, வந்து நின்னுச்சு, பொய் சொல்லக்கூடாது, ஆனா அப்புறம் அவங்கவங்களுக்கு காலைல பேர் குடுக்குற பெரட்டு, கொழுந்து பறிக்கிறதுன்னு வேல இருக்குல்ல. இலங்கை மலையகத்துல எங்க ஹட்டன் பக்கம் ஒரே மழ, பனிமூட்டம் வேற, பின்னேரமே இருட்டிருது, எங்க ஒத்த ரூம் வீட்டு காம்பராவுல நானும் ரேடியோவும்தான்.

"விசுவாசம் இருந்தா இப்பிடி அழுவியா"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல மனசுலதான். ஆனா குத்திருச்சு.

நேத்து ராவு கரண்ட் இல்ல, மெழுகுதிரி வெளிச்சத்துல அம்மாவோட பைபிள தொறந்தா யோவான் 11. லாசரு செத்து 4 நாள், எழுப்பப் போறோம்னு இயேசுவுக்கு நல்லாவே தெரியும், தெரிஞ்சும் லாசருவோட சகோதரி மரியாள் அழுறத பாத்து அவரும் அழுதிருக்காரு, அவகிட்ட பிரசங்கம் எதுவும் பண்ணல. 35ஆவது வசனம், மூணே வார்த்த: "இயேசு கண்ணீர் விட்டார்." சின்னதுல மனப்பாடம் பண்ண ஈசின்னு சண்டே ஸ்கூல்ல எல்லாரும் அதத்தான் சொல்லுவோம்!

வாசிச்சிட்டு நல்லா அழுதேன், பக்கத்துல ஒருத்தர் சும்மா ஒக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. தூக்கமும் வந்துச்சு.

அந்த ரெண்டாவது கோப்பய பக்கத்து காம்பரா பாட்டிக்கு குடுத்துட்டேன். சீனி பத்தலையாம்.