பழைய லேப்டாப் பார்க்கப் போகும்போது என் பையில் இருக்கும் பென்டிரைவ்

கல்லூரி சேர்க்கை தொடங்கினால் என்னிடம் கணினி படித்த பிள்ளைகளின் வீட்டிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "டீச்சர், செகண்ட் ஹேண்ட்ல ஒரு லேப்டாப் பாத்து வச்சிருக்கோம். கூட வந்து ஒரு பார்வை பாத்துச் சொல்றீங்களா?" முடிந்தவரை போய்விடுவேன். பல வீடுகளில் அது சீட்டு எடுத்துச் சேர்த்த பணம். திரை எரிகிறதா, கீபோர்டு வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அதைக் கொடுத்துவிடக் கூடாது. சோதிக்கத் தேவையான மென்பொருள்கள் எல்லாமே இலவசம். பெரும்பாலானவற்றை இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டியதில்லை. ஜிப் கோப்பாக இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கடைக்குள் நுழைந்ததும் "ஐ5 மேடம், 8 ஜிபி, எஸ்எஸ்டி" என்பார்கள். ஐ5 என்பது இன்டெல் நிறுவனத்தின் ஒரு சிப் வரிசை; எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க். வெறும் ஐ5 என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. 2011இல் வந்த ஐ5-2520எம் சிப்பும் ஐ5தான், 2017இல் வந்த ஐ5-8250யூ சிப்பும் ஐ5தான். முதலாவதில் கணக்குப் போடும் பகுதிகள், அதாவது கோர், இரண்டு; அடுத்ததில் நான்கு. சிப்பின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்தால் முழுப் பெயரும் முதல் பக்கத்திலேயே இருக்கும். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு (8250யூவில் முதலில் உள்ள 8 அதைத்தான் சொல்கிறது) முந்தைய சிப்களை, ஒரு சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நான்கு வருடப் படிப்புக்கு வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

அதே மென்பொருளில் மெமரி பக்கத்தையும் பாருங்கள். டிடிஆர்4 2666 ராமுக்கு 1333 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அங்கே தெரிவது நொடிக்கு எத்தனை துடிப்பு (மெகாஹெர்ட்ஸில்) என்பது. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் அது சரியான எண்தான்.

நான் அதிக நேரம் செலவிடுவது டிஸ்க்கில். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற ஜப்பானிய மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைப் படித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. நிறத்தோடு நின்றுவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க்கில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். 05 என்பது பழுதானதால் மாற்று இடத்துக்குக் கொண்டுபோகப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் போய், என்ன செய்வதென்று டிஸ்க் இன்னும் முடிவு செய்யாத செக்டர்கள். ஒவ்வொரு வரியிலும் கடைசியாக உள்ள எண்கள் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முறையில் இருக்கும். 10 என்று தெரிந்தால் அது 16. மெனுவில் அதைப் பதின்ம எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு கடையில் சி5 பூஜ்ஜியமாக இல்லை, கட்டமும் மஞ்சள். "அது ஒண்ணுமில்ல மேடம், சாஃப்ட்வேர் சும்மா அப்படித்தான் காட்டும்" என்றார் கடைக்காரர். சும்மா காட்டாது. அந்த எண்ணை எழுதியது டிஸ்க்கே. மென்பொருள் அதைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். என்னுடன் வந்த அப்பா விசைத்தறியில் வேலை பார்ப்பவர். அவரிடம் திரையைத் திருப்பிக் காட்டி விளக்கினேன். "அப்ப வேற டிஸ்க்கு போட்டுக் குடுங்க" என்று அவரே கேட்டார். போட்டுக் கொடுத்தார்கள்.

அப்புறம் டிஸ்க்கின் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல் டிஸ்க் மார்க். எல்லோரும் மேல் வரியைப் பார்த்து மயங்குவார்கள். சாட்டா என்ற இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி என்றால் அங்கே நொடிக்கு 500 எம்பிக்கு மேல் வரும். அந்த இணைப்பின் உச்சமே 550 அளவில்தான். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது நடப்பது சின்னச் சின்னக் கோப்புகளை அங்கங்கே தேடிப் படிப்பது. அதைச் சொல்வது கடைசி வரி, 4கே ரேண்டம். சாதாரண ஹார்டு டிஸ்க் அதில் ஒரு எம்பியைத் தொடவே திணறும். நல்ல எஸ்எஸ்டி இருபதைத் தாண்டும். பழைய பெட்டியில் எஸ்எஸ்டி போட்டதும் புதுசு மாதிரி ஓடுவது இதனால்தான்.

அடுத்தது சூடு. பிரைம்95ஐ ஓடவிட்டு, பக்கத்தில் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோவின் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் பார்ப்பேன். பிரைம்95 உண்மையில் சோதனைக்காகப் பிறந்ததல்ல. மெர்சென் பகா எண்களை (2இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்கள்) தேட 1996இல் தொடங்கிய ஜிம்ப்ஸ் திட்டத்தின் கணக்குப் போடும் மென்பொருள் அது. கணக்கில் ஒரு சிறு பிழையும் வரக் கூடாது என்று சிப்பை முழுமூச்சாக வேலை வாங்குவதால் சோதனைக்கும் ஆனது. இன்டெல்லின் ஸ்கைலேக் சிப்களில் இருந்த ஒரு கோளாறே இதை ஓட்டியவர்களால்தான் வெளியே வந்தது. 2016 ஜனவரியில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். சரி, கடையில் பார்க்க வேண்டியது: வெப்பம் 100 டிகிரியை நெருங்கி, வேகம் சிப்பின் அடிப்படை வேகத்துக்கும் கீழே விழுகிறதா? விழுந்தால் சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், விசிறியில் தூசு அடைத்திருக்கலாம். இதற்காக நான் லேப்டாப்பையே வேண்டாம் என்று சொல்வதில்லை. சுத்தம் செய்து தரச் சொல்லி மறுபடி ஓட்டிப் பார்ப்பேன்.

பேட்டரிக்குத் தனி மென்பொருள் வேண்டாம். கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் சேர்த்து (powercfg /batteryreport) அடித்தால் விண்டோஸே ஒரு அறிக்கை தரும். 50,000 மில்லிவாட்-மணி எனத் தயாரான பேட்டரி இப்போது 28,000தான் பிடிக்கிறது என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். விலை பேசும்போது அந்த அறிக்கையைத் திறந்தே வைத்திருங்கள்.

ராம் சோதனைக்குக் கடையில் நேரம் போதாது. மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து நேரடியாக பூட் செய்து, அதாவது விண்டோஸைத் திறக்காமலே தொடங்கி, வாங்கிய அன்றிரவே வீட்டில் ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரு பிழை வந்தாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதனால்தான் பில்லில் "ஒரு வாரத்துக்குள் மாற்றித் தரப்படும்" என்று எழுதி வாங்கிய பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்கச் சொல்கிறேன்.