இங்கிலாந்து வருகிறீர்களா? நெட்டுக்கு இரண்டு வருஷம் கையெழுத்துப் போடாதீர்கள்

இங்கே வேலைக்கோ படிக்கவோ வருகிறவர்கள் டிக்கெட் போட்டதுமே கேட்கிற கேள்வி, "எந்த பிராட்பேண்ட் நல்லது?" என்பதுதான். வீடு எது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பக்கத்துத் தெருவில் நெட் ஆயிரம் Mbps வேகத்தில் பறக்கும், உங்கள் தெருவில் பழைய செம்புக் கம்பியில் முப்பது வந்தாலே பெரிசு என்று இருக்கும். முதல் வருஷம் எந்த ஊரில், எந்த வீட்டில் இருப்பீர்கள் என்பது உங்களுக்கே நிச்சயமில்லை. அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: மாசத்துக்கு நாலைந்து பவுண்டு கூட ஆனாலும் பரவாயில்லை, முதல் வருஷம் நினைத்தபோது விட்டுவிடக்கூடியதாகவே எல்லாவற்றையும் எடுங்கள்.

ஆனால் அதற்கும் முந்தின வேலை ஊரிலேயே இருக்கிறது. உங்கள் இந்திய நம்பர். பேங்க் ஓடிபி, ஆதார் ஓடிபி, வருமான வரித் தளம் எல்லாம் அந்த நம்பரைத்தான் தேடும். கிளம்புவதற்கு முன்பே இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்து வைத்துவிடுங்கள், இங்கே வந்தபின் அதைத் திறக்கவும் ஒரு ஓடிபி கேட்டால் சிக்கல்தான். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்குப் பொதுவாகக் காசு பிடிக்க மாட்டார்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். ரீசார்ஜ் போடாமல் மாசக்கணக்கில் சும்மா விட்டால் நம்பர் போய்விடும், போன நம்பரை வேறு யாருக்காவது கொடுத்தும் விடுவார்கள். வாட்ஸாப்பையும் அந்த நம்பரிலேயே வைத்துக்கொள்ளலாம், சித்தப்பா பெரியம்மா எல்லோருக்கும் புது நம்பர் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இ-சிம் (கார்டு இல்லாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) போடக்கூடிய போன் என்றால் வேலை இன்னும் சுலபம், ஊர் சிம் அதன் இடத்தில் கிடக்கட்டும், இங்கத்திய நம்பரை இ-சிம்மில் வாங்கிக்கொள்ளலாம்.

இங்கத்திய சிம்முக்கு ரொம்ப யோசிக்க வேண்டியதே இல்லை. சொந்த நெட்வொர்க் வைத்திருப்பவை இஇ, ஓ2, வோடஃபோன், த்ரீ. கடைசி இரண்டும் 2025 மே மாசக் கடைசியில் ஒரே கம்பெனியாகிவிட்டன. மற்றதெல்லாம் இவர்களுடைய டவரில் ஓடும் சின்ன பிராண்டுகள்: கிஃப்காஃப் ஓ2-வில், ஸ்மார்ட்டி த்ரீயில், லெபாரா வோடஃபோனில். லெபாராவை 2001-இல் தொடங்கியவர்கள் இலங்கைத் தமிழர்கள் மூவர், லைக்கா மொபைலைத் தொடங்கியவரும் ஈழத்தமிழர்தான், அதனால் லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் எந்தத் தமிழ்க் கடைக்குப் போனாலும் இந்தச் சிம்கள் தொங்கும். முப்பது நாள் பிளானில் சிம் மட்டும் வாங்குங்கள். ஐபோனோடு சேர்த்து இரண்டு மூன்று வருஷக் கான்ட்ராக்ட் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். வந்த புதிதில் உங்களுக்கு இங்கே கடன் வரலாறே கிடையாது, உங்களை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று பார்க்கும் கிரெடிட் செக்கில் பெரும்பாலும் தட்டிவிடும். (இதற்கு ஒரு வழி: விசாவோடு இங்கே குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர்கள், அதாவது இந்தியா, இலங்கை, மலேசியாக்காரர்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஓட்டும் கிடைக்கும், கிரெடிட் செக்கில் விலாசத்தைச் சரிபார்க்கவும் உதவும்.) சிக்னல் சரியில்லையென்றால் 65075-க்கு PAC என்று எஸ்எம்எஸ் அனுப்புங்கள், ஒரு நிமிஷத்துக்குள் கோடு வரும், அதைப் புதுக் கம்பெனியிடம் கொடுத்தால் அடுத்த வேலை நாளுக்குள் அதே நம்பரோடு மாறிவிடலாம்.

சரி, வீட்டு நெட். வீடு பார்க்கப் போகும்போது எல்லோரும் கிச்சனையும் பாத்ரூமையும் பார்ப்பார்கள், நீங்கள் ஹால் சுவரின் அடிப்பாகத்தையும் பாருங்கள். வாசல் பக்கமாக வெள்ளை நிறத்தில் டெலிபோன் சாக்கெட் மட்டும் இருந்தால் அது ஓப்பன்ரீச் கம்பி, அதாவது பழைய டெலிபோன் லைன்களைப் பராமரிக்கும் கம்பெனியுடையது. தெருமுனைப் பெட்டிவரை ஃபைபர் வந்திருந்தாலும் அங்கிருந்து வீடுவரை செம்புதான், எண்பதுக்கு மேல் போகாது. நடுவில் ஊசியும் சுற்றிலும் மரையும் உள்ள கேபிள் சாக்கெட் இருந்தால், வர்ஜின் மீடியா என்ற கேபிள் கம்பெனி எப்போதோ அந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறது. பச்சை விளக்கு எரியும் சின்ன வெள்ளைப் பெட்டி சுவரில் இருந்தால் யோகம், முழு ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று அர்த்தம். எதுவுமே புரியாவிட்டால் ஆஃப்காம் (இங்கத்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு) தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் அந்த விலாசத்துக்கு என்ன வேகம் கிடைக்கும் என்று வந்துவிடும். புதிதாக ஃபைபர் இழுக்க வேண்டுமென்றால் சுவரில் துளை போடுவார்கள், வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாயால் சொன்னது போதாது. விளம்பரத்தில் போட்டிருக்கும் 'சராசரி வேகம்' என்பது இரவு எட்டிலிருந்து பத்து மணிக்குள் பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைப்பது, உங்களுக்குக் கிடைப்பதல்ல. ஆர்டர் போடும்போது உங்கள் லைனுக்கென்று ஒரு குறைந்தபட்ச வேகத்தை எழுதிக் கொடுப்பார்கள், அந்த எண்தான் முக்கியம்.

கான்ட்ராக்ட் பெரும்பாலும் 18 அல்லது 24 மாசம். என் நண்பர் ரெடிங்கில் 24 மாசத்துக்குப் போட்டார், ஐந்தாவது மாசமே ஆபீஸ் லீட்ஸுக்கு அனுப்பிவிட்டது. புது வீட்டுப் பக்கம் அந்தக் கம்பெனிக்குக் கேபிளே கிடையாது. "எங்கள் சேவை அங்கே இல்லை, ஆனால் மிச்ச மாசத்துக்குப் பணம் கட்டுங்கள்" என்று பில் அனுப்பினார்கள். அநியாயம்தான், ஆனால் கான்ட்ராக்டில் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் மாசாமாசம் ஓடும் பிளானைத் தேடச் சொல்கிறேன். அது கிடைக்காத இடத்தில் சிம்மில் ஓடும் 5ஜி ரூட்டர் ஒன்றை வாங்கிச் செருகிவிடலாம், இன்ஜினியர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், வீடு மாறும்போது பையில் போட்டு எடுத்துக்கொண்டும் போகலாம். ஜன்னலோரம் வைத்தால் வேகம் கூடும். வேறு வழியில்லாமல் நீண்ட கான்ட்ராக்டே போட்டால், நடுவில் விலை எவ்வளவு ஏறும் என்று கேளுங்கள். 2025 ஜனவரி 17-க்குப் பிறகு போட்ட கான்ட்ராக்ட்களில் அதைப் பவுண்டுக் கணக்கில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், பணவீக்கத்தைக் காட்டி ஏற்ற முடியாது. ஆன்லைனிலோ போனிலோ போட்டதை 14 நாளுக்குள் ரத்தும் செய்யலாம். லேண்ட்லைனும் சேர்த்துத் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் டிவி. குடி போன சில நாளிலேயே உங்கள் பெயர்கூட இல்லாமல் 'இந்த வீட்டில் குடியிருப்பவருக்கு' என்று மிரட்டலாக ஒரு கடிதம் வரும். டிவி லைசென்ஸ் சமாச்சாரம், 2025 ஏப்ரலில் வருஷத்துக்கு 174.50 பவுண்டு ஆக்கினார்கள். (கறுப்பு வெள்ளை டிவிக்குத் தனியாக, மலிவாக ஒரு லைசென்ஸ் இன்னும் இருக்கிறது, நம்புங்கள்!) டிவி பெட்டி வைத்திருப்பதற்கு இது தேவையில்லை. எந்தச் சேனலையும் ஒளிபரப்பாகும்போதே பார்ப்பதற்கும் பிபிசியின் ஆன்லைன் தளமான ஐபிளேயருக்கும்தான். இதில் நம் ஆட்கள் கவனிக்காதது, வெளிநாட்டுச் சேனலும் கணக்கில் சேரும் என்பது. தமிழ்ச் செய்திச் சேனலை யூடியூபில் லைவாக ஓடவிட்டாலும், கிரிக்கெட் மேட்சை லைவாகப் பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும். நேற்றைய சீரியலை ஆப்பில் எடுத்துப் பார்த்தாலோ, நெட்ஃபிளிக்ஸில் படம் பார்த்தாலோ வேண்டாம். அது மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் அவர்களுடைய தளத்தில் 'தேவையில்லை' என்று பதிந்துவிடுங்கள், கடிதம் கொஞ்ச நாள் நிற்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாசம் இருந்து, காலையில் எழுந்ததும் நியூஸ் லைவாக ஓடியாக வேண்டும் என்றால் பேசாமல் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள், தவணையில் கட்டலாம்.