சராசரி 90 ஃபிரேம், ஆனாலும் திக்கல்: மேசைக் கணினியில் காரணம் தேடிய குறிப்புகள்

அன்ரியல் எஞ்சின் 4 என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில் உருவான திறந்த உலக விளையாட்டு ஒன்று என் மேசைக் கணினியில் சராசரியாக நொடிக்கு 90 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப்படம்) ஓடுவதாகத் திரை மூலையிலுள்ள எண் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் குதிரையில் விரைந்து ஓர் ஊருக்குள் நுழையும்போதும், எதிரி புதிய மந்திரம் ஒன்றை ஏவும்போதும், படம் ஒரு கணம் உறைந்து பிறகு பாய்ந்தது. கணினியில் ரைசன் 5 5600 செயலி, 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரை ஆகியவை உள்ளன. இந்த விளையாட்டுக்கு இவை போதாதவை அல்ல என்பதால், எந்தப் பாகத்தையும் உடனே மாற்றாமல் காரணத்தைத் தேடத் தொடங்கினேன்.

சராசரி எண்ணை நம்ப முடியாததற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு நொடிக்குள் 89 ஃபிரேம்கள் தலா 10 மில்லிநொடியில் வந்து, ஒரேயொரு ஃபிரேம் மட்டும் 110 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், அந்த நொடியின் கூட்டுத்தொகை 90 ஃபிரேம்தான். எண்ணில் எந்தக் குறையும் தெரியாது. கண்ணுக்கோ அந்த ஒரு ஃபிரேம் மட்டுமே தெரியும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லிநொடியும், 144 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6.94 மில்லிநொடியும்தான் அவகாசம். ஆகவே பார்க்க வேண்டியது ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை. 2011இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் இந்த அளவீட்டு முறையை விரிவாக முன்வைத்த பின்னரே கார்டு மதிப்புரைகளில் இது பரவலாக இடம்பெறத் தொடங்கியது. அதற்கு முன் இரண்டு கார்டுகள் ஒன்றாக இணைந்து ஓடிய அமைப்புகளில் இருந்த நடுக்கத்தைச் சராசரி எண் எவ்வளவு நன்றாக மறைத்திருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

அளவிடுவதற்கு, ஃபிரேம் நேரங்களைப் பதிவு செய்ய இன்டெல் இலவசமாகத் தரும் பிரசென்ட்மான் கருவியை அடிப்படையாகக் கொண்ட கேப்ஃபிரேம்எக்ஸ் மென்பொருளைப் பயன்படுத்தினேன்; விளையாடும்போதே ஃபிரேம் நேரத்தின் வரைகோட்டைத் திரையில் பார்க்க ரிவாட்யூனர் மென்பொருள் போதுமானதாக இருந்தது. காட்டிலிருந்து பாலம் வழியாக ஊருக்குள் சென்று சந்தையில் முடியும் ஒரே பாதையை ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் ஓடிப் பதிவு செய்தேன். பாதை மாறினால் ஒப்பீடே இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு அமைப்புகளை மாற்றினாலும் அப்படியே.

பதிவான வரைகோட்டில் மூன்று வகையான முட்கள், அதாவது ஃபிரேம் நேரம் திடீரென எகிறும் இடங்கள், தெளிவாகத் தெரிந்தன. முதல் வகை, ஒரு காட்சி விளைவு முதன்முறையாகத் திரையில் தோன்றும்போது மட்டும் எழுந்தது. இரண்டாவது வகை, பாலத்தையும் ஊர் வாயிலையும் கடக்கும் இடங்களில் ஒவ்வொரு முறையும் வந்தது. மூன்றாவது வகை இடம், பொருள் எதையும் பொருட்படுத்தாமல் சீரான இடைவெளியில் வந்துகொண்டிருந்தது. திக்கல் என்று ஒரே பெயரில் நாம் சொல்வதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருந்தன என்பதும், ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தொடாது என்பதும் அப்போதே விளங்கிவிட்டன.

முதல் வகைக்குக் காரணம் ஷேடர் தொகுப்பு. ஒளி, புகை, நீர் போன்றவை எப்படித் தெரிய வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்களே ஷேடர்கள். விளையாட்டோடு வருவது அவற்றின் இடைநிலை வடிவம் மட்டுமே. ஒவ்வொருவர் கணினியிலும் உள்ள கார்டுக்கும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும் ஏற்ப அங்கேயே அவை இறுதி வடிவம் பெற வேண்டும்; இந்த வேலையே தொகுப்பு. விளையாட்டுக் கன்சோலில் வன்பொருள் ஒன்றே என்பதால் தயாரிப்பாளர்களே தொகுத்து அனுப்பிவிட முடிகிறது. விளையாட்டு கிராபிக்ஸ் கார்டுடன் பேசுவதற்கான விண்டோஸ் இடைமுகமான டைரக்ட்எக்ஸ் 12இல் ஒரு பொருளை வரைவதற்குத் தேவையான நிலைகள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டும் பொறுப்பு விளையாட்டிடமே விடப்பட்டுள்ளது. அதை முன்கூட்டியே, ஏற்றும் திரையில் செய்து முடிக்காமல், பொருள் கண்ணில் படும் கணத்தில் செய்யத் தொடங்கினால் அந்த ஃபிரேம் காத்திருக்கத்தான் வேண்டும்.

இதை உறுதிப்படுத்துவது எளிது. அதே பாதையை இரண்டாம் முறை ஓடியபோது முதல் வகை முட்கள் ஏறத்தாழ மறைந்தன; தொகுத்தவை வட்டில் சேமிக்கப்பட்டுவிட்டதே காரணம். பிறகு சேமிப்பை அழித்துவிட்டு ஓடினேன், முட்கள் திரும்பின. டிரைவரைப் புதுப்பித்தாலும் பழைய சேமிப்பு செல்லாது என்பதால் இதே விளைவுதான். திக்கல் வரும்போதெல்லாம் டிரைவரை அழித்து மீண்டும் நிறுவுமாறு பலரும் சொல்லும் அறிவுரை இந்த வகைத் திக்கலை உண்மையில் புதுப்பித்துத் தருகிறது என்பது வேடிக்கை. என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஷேடர் சேமிப்பின் அளவை 10 ஜிபி ஆக்கினேன். பல விளையாட்டுகளை மாறி மாறி ஆடுவோருக்குப் பழைய சேமிப்பு வெளியேற்றப்படாமல் இருக்க அது உதவும். இந்த விளையாட்டை டைரக்ட்எக்ஸ் 11இலும் தொடங்க முடிந்தது; அதில் முட்கள் குட்டையாக இருந்தன, ஆனால் நெரிசலான சந்தையில் சராசரி வேகமும் குறைந்தது. ஆகவே 12இலேயே தொடர்ந்து, புதிய பகுதியில் முதல் சில நிமிடத் திக்கலைப் பொறுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் வகையில் இரண்டு காரணங்கள் கலந்திருந்தன. விளையாட்டு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. நிமிடத்திற்கு 7200 சுற்று சுழலும் வட்டில் ஒரு முழுச் சுற்றுக்கு 8.33 மில்லிநொடி ஆகும். வேண்டிய தரவு முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. அதனுடன் முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், எங்கோ சிதறியிருக்கும் ஒரு சிறு கோப்பைத் தொடுவதற்குள்ளேயே 60 ஹெர்ட்ஸ் ஃபிரேமின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. விளையாட்டை எஸ்எஸ்டிக்கு மாற்றியதும் ஊர் வாயிலில் இருந்த மிக உயரமான முள் பாதிக்கும் கீழே இறங்கியது.

மீதியைத் தேடும்போதுதான் ரேமின் நிலை தெரிந்தது. டிடிஆர்4 3200 என்று வாங்கிய இரண்டு 8 ஜிபி துண்டுகள் 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதை டாஸ்க் மேனேஜர் காட்டியது. கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பு இயக்கப்படவே இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால், கணினியைப் பூட்டிக் கொடுத்த கடைக்காரர் இரண்டு துண்டுகளையும் செயலிக்கு அருகிலுள்ள முதல் இரண்டு ஸ்லாட்களில் அடுத்தடுத்துச் செருகியிருந்தார். மதர்போர்டு கையேடு சொல்வது செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். அடுத்தடுத்துச் செருகினால் இரண்டும் செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான ஒரே தரவுத் தடத்தில் அமர்ந்துவிடும். ஒற்றைத் தடத்தில் 2400 என்றால் கோட்பாட்டளவில் நொடிக்கு 19.2 ஜிபி, இரட்டைத் தடத்தில் 3200 என்றால் 51.2 ஜிபி. கிராபிக்ஸ் கார்டுக்கு இது பெரிய பொருட்டல்ல. ஆனால் ஊருக்குள் நுழையும்போது கூட்டத்தின் நடமாட்டம், கோப்புகளை விரிப்பது, வரைகட்டளைகளைத் தயாரிப்பது எல்லாம் செயலியின் தலையில் விழுகின்றன. அதற்குத் தரவு நேரத்தில் வந்து சேராவிட்டால் ஃபிரேம் தாமதமாகிறது. ஸ்லாட்டை மாற்றி எக்ஸ்எம்பியை இயக்கிய பிறகு சராசரி சற்றே உயர்ந்தது. மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களைக் குறிக்கும் எண்ணோ கண்கூடாக உயர்ந்தது. இந்த முயற்சி முழுவதிலும் செலவே இல்லாமல் கிடைத்த மிகப் பெரிய பலன் இதுதான். ரேம் வேகத்தை உயர்த்திய பின் நினைவகச் சோதனையை ஓடவிட்டுப் பிழை இல்லையென்று உறுதிசெய்துகொள்வது அவசியம்.

மூன்றாம் வகைக்கு முதலில் பயாஸ் மீது ஐயம் எழுந்தது. ரைசன் கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி காரணமாக இடையிடையே திக்கல் ஏற்படலாம் என்று 2022 மார்ச்சில் ஏஎம்டி ஒப்புக்கொண்டு, பின்னர் புதிய பயாஸ் வழியாகத் திருத்தம் அளித்தது. என் பயாஸ் அத்திருத்தத்துக்குப் பிந்தையது. மேலும் அந்தக் கோளாறு எப்போதாவது வருவது, எனக்கோ கடிகாரம் போலத் துல்லியமாக இரண்டு நொடிக்கு ஒருமுறை முள் எழுந்தது. இவ்வளவு சீரான இடைவெளி என்றால் ஏதோ ஒரு மென்பொருளின் டைமராகத்தான் இருக்க வேண்டும். டிரைவர்களால் ஏற்படும் தாமதத்தைக் காட்டும் லேட்டன்சிமான் கருவியிலும் அதே தாளத்தில் தாமதம் தெரிந்தது. வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் படிக்கும் ஒரு மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாசிப்பு இடைவெளியை இரண்டு நொடியிலிருந்து ஐந்து நொடிக்கு மாற்றினேன். முட்களும் ஐந்து நொடிக்கு நகர்ந்தன. அதற்குமேல் சாட்சி தேவையில்லை. மதர்போர்டிலுள்ள துணைக் கட்டுப்படுத்தியின் சென்சர்களைப் படிப்பதை மட்டும் நிறுத்தியதும் முட்கள் அடியோடு போயின. வெப்ப எண்கள் முன்போலவே கிடைக்கின்றன. காரணம் தேடும்போது அளவிடும் கருவியையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பயன் தராதவற்றையும் குறிப்பிட வேண்டும். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி மாற்றங்கள், கேம் மோடை அணைப்பது, வன்பொருள் வழி ஜிபியு அட்டவணையிடலை மாற்றுவது ஆகியவற்றால் என் வரைகோட்டில் பிரித்தறியக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை. வேறு கணினியில் பலன் இருக்கலாம்; ஆனால் அளவீடு இல்லாமல் இருபது மாற்றங்களை ஒன்றாகச் செய்யச் சொல்லும் பட்டியல்களை நான் இனிப் பின்பற்றப் போவதில்லை.

இறுதியாக, ரிவாட்யூனரில் ஃபிரேம் வேகத்துக்கு 80 என்று உச்சவரம்பு வைத்தேன். ஃபிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் புதுப்பிப்பு வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் வசதியின் வரம்பு என் திரையில் 48 முதல் 144 வரை என்பதால் 80 அதற்குள் வசதியாக அமைகிறது. செயலி முழு மூச்சில் ஓடாமல் சற்று இடைவெளி கிடைப்பதால் வரைகோடு கிட்டத்தட்ட நேராகிவிட்டது. 80இல் சீராக ஓடுவது 90க்கும் 110க்கும் இடையே அலைவதைவிடக் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

ஊர் வாயிலில் ஒரு சிறு முள் இன்னும் இருக்கிறது. பரப்பின் புதிய துண்டை எஞ்சின் ஏற்றும் முறையிலேயே அது பிறக்கிறது என்பதால், ஆடுபவர் அமைப்புகளை மாற்றி அதை நீக்க முடியாது. படைப்பாளர்களின் திருத்தம் வந்தால்தான் உண்டு. ஒவ்வொரு பதிவுக் கோப்பின் பெயரிலும் டிரைவர் பதிப்பையும் விளையாட்டுப் பதிப்பையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்த திருத்தம் வந்ததும், ஷேடர்கள் சேமிக்கப்பட ஒருமுறை ஓடிவிட்டு, இரண்டாம் ஓட்டத்தை இந்தப் பழைய பதிவுகளோடு ஒப்பிடுவேன்.